ஒத்திகை பார்க்காத வள்ளி

பேராவூரணிப் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழா என்றால் ஒரு ராத்திரிக்கு நாடகம் உண்டு. பெரும்பாலும் வள்ளி திருமணம். சித்திரையில் நீலகண்டப் பிள்ளையார் கோயில் தேர் ஓடி முடிந்த கையோடு சுற்றுப்பட்டில் ஒவ்வோர் ஊராகக் காப்புக் கட்டுவார்கள். ஆடி கழியும்வரை எங்காவது ஒரு மேடை போட்டிருக்கும். தலைக்கட்டு வரி வசூலித்து, போதாததற்குச் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிற பணத்தையும் சேர்த்து இந்த ஒரு ராத்திரியை நடத்துகிறார்கள்.

சென்னையில் திரைப்பட இயக்கம் படிக்கிற நான் நாடகத் தயாரிப்பைக் களத்தில் கற்க வேண்டியிருந்தது. நவீன நாடகக் குழு ஒன்றுடன் சேர்ந்து ஒத்திகை முறைகளைப் படிக்கலாம் என்றார்கள் நண்பர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் வளர்த்தெடுத்த நாடக மரபும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது வேறு கேள்வி. இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை, நடிப்பவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். அப்படி ஒரு நாடகம் விடிய விடிய ஏழெட்டு மணி நேரம் சிதறாமல் நிற்கிறதே, அதை யார் தயாரிக்கிறார்கள்?

சேதுபாவாசத்திரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சிற்றூரில் எனக்கு இடம் கிடைத்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. நெல்லைவிடத் தென்னை அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தோப்புகளில் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போது வரிசையாக நிற்கின்றன. மேடைக்கும் ஒப்பனைக் கொட்டகைக்கும் அந்த ஊர்க் கீற்றுதான்.

இந்த மாதிரி நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். அது கூடுவது இப்படி. விழாக் கமிட்டி ஏஜெண்டைப் பார்க்கிறது. ஏஜெண்ட் கையில் நடிகர் சங்கத்தின் புத்தகம்: ஆளுக்கொரு படம், பெயர், போன் நம்பர். நாயகனான ராஜபார்ட்டுக்கு இன்னார், நாயகியான ஸ்திரீபார்ட்டுக்கு இன்னார், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று தனித்தனியாகப் பேசி அச்சாரம் கொடுக்கிறார்கள். ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் காரைக்குடி, இன்னொருவர் மதுரை. அச்சடித்த நோட்டீஸ்தான் அவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற முதல் இடம். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றாக நிற்பது மேடையில்தான்.

ராத்திரி எட்டு மணிக்குமேல் பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் வந்து இறங்கினார்கள். கொட்டகையின் ஒரு பாதியைக் கீற்றுத் தட்டியால் மறைத்துப் பெண்களுக்கு விட்டிருந்தார்கள். வள்ளி வேடம் கட்டுகிற அக்கா பெட்டியைத் திறந்தார். உடை, சவுரி, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ஊசி நூல், கண்ணாடி, அதன் தலையில் மாட்ட ஒரு பல்பு, எல்லாம் சொந்தம். எங்கள் படப்பிடிப்புகளில் மூன்று துறைகள் பிரித்துப் பார்க்கிற வேலையை அவர் ஒருவரே பார்த்தார். ஈரப் பஞ்சில் பான்கேக்கை எடுத்து முகத்தில் ஒற்றிவிட்டு, கழுத்துக்கும் காதுக்குப் பின்னாலும் கொண்டுபோனார். "ட்யூப்லைட்டுக்கு முன்னாடி நின்னா காதுதான் பாப்பா முதல்ல காட்டிக்குடுக்கும்" என்றார்.

"கூட நடிக்கிறவங்களைத் தெரியாமலே எப்படிக்கா மேடை ஏறுவீங்க?"

"பாட்டு ஒண்ணுதானே. மதுரைக்காரருக்கும் அதே பாட்டு, எனக்கும் அதே பாட்டு. மிச்சத்த ஆர்மோனியத்து அண்ணன் பாத்துக்குவாரு."

அந்தப் பாட்டு சங்கரதாஸ் சுவாமிகளுடையது. 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தவர். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தாம். அந்த மாதிரி கம்பெனிகள் மறைந்துவிட்டன. அவர் எழுதிய வள்ளி மட்டும் இத்தனை பேர் நெஞ்சில் மனப்பாடமாக இருக்கிறது. ஒத்திகை நடக்கவில்லை என்று நான் நினைத்தது சரியல்ல. நூறு வருஷமாக ஊர் ஊராக நடந்துகொண்டிருப்பதே ஒத்திகை.

மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் மேடையின் ஓரத்தில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்தார். எழுபதை ஒட்டிய வயது. கேட்டதும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். நான் கற்றதெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான்.

சாமி பாட்டுகள் முடிந்து பபூன் வந்தார். கூட்டத்தைச் சிரிக்க வைத்து, தூங்கப்போனவர்களையும் இழுத்து உட்காரவைத்தார். அவர் இடறி விழுந்த நொடியில் ஆல்ரவுண்டுக்காரர் டிரம்மைத் தட்டினார். கண்ணடித்தால் ஒரு கட்டைச் சத்தம், திரும்பி நடந்தால் அடிக்கு ஓர் அடி. நாங்கள் படம் எடுத்து முடித்தபின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து சேர்க்கிற காலடிச் சத்தத்தை, இவர் நடிகரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே அங்கேயே சேர்க்கிறார். குதிகால் தரையில் படுவதற்கு ஒரு மயிரிழை முன்பே அவர் கை இறங்கத் தொடங்குகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிக்கவில்லை.

வள்ளி பரண்மீது கவணோடு வந்து ஆலோலம் பாடியபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஆர்மோனியத்து ஐயா என் காதருகே சொன்னார்: "வாயைப் பாக்காதம்மா, மூச்சைப் பாரு. இழுக்கிற மூச்சிலயே அடுத்து பாட்டா வசனமான்னு தெரிஞ்சிரும்." பார்த்தேன். தோள் லேசாக உயர்ந்தால் பாட்டு; வயிறு மட்டும் அசைந்தால் வசனம். அவர் விரல் அதற்குமுன் அந்தக் கட்டைக்குப் போய்க் காத்திருந்தது. ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு சுருதி, ராஜபார்ட்டுக்கு இன்னொன்று. இருவரும் மாறிமாறிப் பாடும் இடத்தில் கேட்பவருக்குத் தெரியாமல் அவர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்வருகிறார். ஒருவருக்கு அடி மறந்தால் பின்பாட்டுப் பாடுவதுபோல் அந்த அடியை எடுத்துக்கொடுக்கிறார். படுதாவுக்குப் பின்னால் நாரதர் தயாரா என்று யாரும் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. அவருக்குரிய மெட்டை இரண்டு சுற்று வாசிக்கிறார், நாரதர் வந்துவிடுகிறார்.

தர்க்கம் தொடங்கியது. நாரதர் கேள்வி போட, வள்ளி மறுகேள்வி போட, புராணம் முதல் இலக்கணம்வரை எல்லாம் வந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் நல்ல பதிலுக்குத் தலையாட்டினார்கள், சறுக்கினால் முகத்தைச் சுளித்தார்கள். இந்தப் பகுதிதான் ரப்பர் மாதிரி. ஒரு மணி நேரத்திலும் முடியும், மூன்று மணி நேரமும் போகும். கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம் நடக்க வேண்டும் என்பது மட்டுமே நிர்ணயம். அதற்குள் முருகன் வேலனாக, வேடனாக, விருத்தனாக எல்லாம் வந்து போகவேண்டும். இரண்டரை மணிக்கு ஐயா சுருதியைச் சற்று உரக்கப் பிடித்துத் தர்க்கத்தின் முடிவுப் பாட்டுக்குள் நுழைந்தார். நாரதருக்கு இன்னும் ஒரு கேள்வி கையில் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அதை விழுங்கிவிட்டுப் பாட்டில் சேர்ந்துகொண்டார். எடிட்டிங் மேசையில் நாங்கள் செய்வதை, ஓடுகிற நாடகத்துக்குள் இருந்தபடியே ஒருவர் செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படுதாக் கயிற்றையும் கொஞ்ச நேரம் பிடித்தேன். தெரு, காடு, தர்பார் என்று மூங்கிலில் சுருட்டிய மூன்று படுதாக்கள். காடு மட்டும் பழைய துணியில் வரைந்தது. மற்ற இரண்டும் ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் ட்யூப்லைட்டைத் திருப்பி அடிக்கிறது, முன்னால் நிற்பவர் முகம் இருண்டுபோகிறது. வரைந்த துணி வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு ஆளை முன்னே தள்ளித் தருகிறது. துணிப் படுதா வரைகிறவர்கள் குறைந்துபோனது பெரிய இழப்பு என்று ஒளிப்பதிவு படிக்கிற எவரும் சொல்வார்கள்.

இந்தக் கலைக்குச் சினிமா பட்டிருக்கும் கடன் சின்னதல்ல. இதே தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர்தான். 1931-ல் காளிதாஸ் படத்தின் நாயகி. 1933-ல் வள்ளி திருமணமும் படமானது, அதிலும் வள்ளி அவரே. 1936-ல் மிஸ் கமலாவை அவரே இயக்கினார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் கற்றுவந்த பள்ளி இந்த மேடை. எங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு முழுப் பருவம் கொடுத்தாலும் தகும்.

அப்படிப்பட்ட பள்ளியின் ஆசிரியைகளை ஊர் நடத்தும் விதம் எனக்கு வலித்தது. இரவில் கைதட்டுகிற ஊர், பகலில் நடிகை என்றால் ஒரு மாதிரிப் பார்க்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் இந்தக் கலைஞர்களோடு நெடுநாள் பழகி 2005-ல் வெளியிட்ட புத்தகம் இந்த இழிவுப் பார்வையைப் பற்றியதுதான். அக்கா வேடத்தைக் கலைத்ததும் கழுத்துவரை சேலையை இழுத்துப் போர்த்தி, நகைகளைத் துணிப்பையின் அடியில் வைத்து, ஆசுபத்திரிக்குப் போய்வருகிறவர்போல் ஆகிவிட்டார். "பஸ்ல யாரும் கேட்டா கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லிருவேன்" என்றார். பொய்யும் இல்லைதான், வள்ளிக்குக் கல்யாணம் ஆகி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

கமிட்டிக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்கை முடித்தார். ஆர்மோனியத்து ஐயாவிடம் யாராவது பையன்கள் கற்க வருகிறார்களா என்று கேட்டேன். கீபோர்டு கற்க வருகிறார்கள் என்றார். ஆனால் தர்க்கத்துக்கு வாசிக்கப் பாட்டு முழுக்க மனப்பாடம் வேண்டும், அதற்கு அவர்களுக்குப் பொறுமை வருவதில்லையாம். "நீ எழுதி வச்சிக்கிட்டியே, அத ஒருக்கா படிச்சுக் காட்டு" என்று என் நோட்டைக் கேட்டார். மூச்சைப் பற்றி எழுதிய பக்கத்தைப் படித்தேன். "வேலன் வர்ற இடத்துல மூச்சு வேற. அத எழுதல நீ" என்று சொல்லி, அடுத்த வாரம் அறந்தாங்கிப் பக்கம் வரச் சொன்னார்.

பேராவூரணி பஸ் நிலையம்வரை அக்காவும் நானும் ஒரே ஆட்டோவில் வந்தோம். அன்றிரவு அவருக்குக் காரைக்குடிப் பக்கம் பவளக்கொடி நாடகம். அதில் அர்ச்சுனன் வேடம் யார் என்று கேட்டேன். நோட்டீஸ் இன்னும் கைக்கு வரவில்லை என்றார். "யாரா இருந்தா என்ன பாப்பா, ஆர்மோனியம் யாருன்னு மட்டும் போன் போட்டுக் கேட்டுட்டேன்."