போளூர், கண்ணமங்கலம், வேலூர்ர்ர்!

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை காலை

அடி என் வாயாடி,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் போடலைன்னு திட்டாதே. தீபம் முடிஞ்சு ஊரே இப்பதான் மூச்சு விடுது. மாட வீதியில விட்டுட்டுப் போன செருப்பை இன்னும் அள்ளி முடியலை. எங்க வீட்டுல நாத்தனார் வந்து போன அலுப்பு தீரலை.

அந்தக் கதையை முதல்ல கொட்டிடறேன். வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க: "தம்பியை இடுக்குப் பிள்ளையார்ல நுழைச்சு எடுத்தா எல்லாம் சரியாயிடும்." கிரிவலப் பாதையில ஒருக்களிச்சுப் படுத்துச் சந்துக்குள்ள புகுந்து வெளிய வருவோமே, அந்தப் பிள்ளையார்தான். தாவணி போட்ட காலத்துல நீ பாதியில மாட்டிக்கிட்டு ஊரைக் கூட்டினது ஞாபகம் இருக்கா? எங்க வீட்டு பாத்ரூம் வாசலே இவருக்கு இடுக்குப் பிள்ளையார்தான்னு அவங்களுக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்!

சிரிக்காதே. பார்க்கின்சன்னா கை நடுங்கும், அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். நடுக்கத்தைக் கூடப் பொறுத்துக்கலாம்டி, கால் ஒட்டிக்கிறதுதான் கொடுமை. கூடத்துல நல்லாத்தான் நடந்து வருவார். நிலைப்படி வந்ததும் பசை போட்ட மாதிரி ரெண்டு காலும் நின்னுடும், உடம்பு மட்டும் முன்னால சாயும். நான் பின்னால நின்னு "நடங்க, நடங்க"ன்னு தள்ளுவேன். ரெண்டு தடவை விழுந்துட்டார்.

தள்ளறதே தப்புன்னு சொல்லிக் கொடுத்தது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கு வர்ற பிசியோ தம்பி. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில தொடங்கி வச்சாங்களே, அது. பிரஷர், சுகர் மாத்திரை கொண்டு வந்து தர்றதோட சரின்னு நினைச்சிருந்தேன், பிசியோவும் அதுல உண்டு. அந்தத் தம்பி சொன்னது இதுதான்: "மூளையில டோபமைன் குறைஞ்சுட்டா, யோசிக்காம தானா நடக்கற பழக்கம் கெட்டுப் போகுதும்மா. கண்ணுக்கு ஒரு கோடு காட்டுங்க, இல்லை காதுக்கு ஒரு தாளம் கொடுங்க. கால் எழும்பும்."

கோடு போடறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? கோலமாவை எடுத்துக் கூடத்துல இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒண்ணரை அடிக்கு ஒரு குறுக்குக் கோடு, ஏணி மாதிரி இழுத்தேன். மனுஷன் ஒவ்வொண்ணா தாண்டி நேரா உள்ள போயிட்டார்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மாவு காலோட போகுதுன்னு இப்ப மஞ்சள் டேப் ஒட்டியாச்சு. நாத்தனார் பார்த்துட்டு, "என்னடி இது, இந்த வயசுல பாண்டி ஆடறீங்களா?"ன்னாங்க.

டேப் இல்லாத இடத்துல ஒட்டிக்கிட்டா அதுக்கும் வழி இருக்கு. முதல்ல நிக்கணும். நிமிரணும். இடது வலதுன்னு மெல்ல எடையை மாத்தி, அப்புறம் ஒரு பெரிய அடியா எடுத்து வைக்கணும். திரும்பறப்ப நின்ன இடத்துல சுத்தக்கூடாது, ஸ்டாண்டுல பஸ்ஸைத் திருப்பற மாதிரி அகலமா வளைஞ்சு வரணும். இது மட்டும் இவருக்குச் சொன்ன உடனே பிடிபட்டுச்சு. முப்பது வருஷம் கண்டக்டர் ஆச்சே!

அந்தக் கண்டக்டர் குரலை நீ கேட்டிருக்கே. கடைசி சீட்டுல குறட்டை விடறவன் கூட எழுந்து இறங்கிடுவான். அது தேய்ஞ்சு தேய்ஞ்சு, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிடுச்சு. நான் "என்ன? என்ன?"ன்னு கேக்க, அவர் "உனக்குக் காது போச்சு"ன்னு கத்த — கத்தினதும் எனக்குக் கேக்கலை — தினம் சண்டை. கடைசியில அவர் சொன்னதை நம்பிப் போய்க் காது டெஸ்ட் எடுத்துட்டு வந்தேன்டி! காது பளிச்சுன்னு இருக்கு. ஸ்பீச் தெரபி பொண்ணு சொன்னதும்தான் விளங்குச்சு. இந்த நோயில தன் குரல் தணிஞ்சு போனது பேசறவங்களுக்கே தெரியாதாம். முணுமுணுக்கறதே சரியான சத்தம்னு நினைச்சுக்குவாங்களாம்.

இதுக்குன்னே ஒரு பயிற்சி இருக்கு. அமெரிக்காவுல அரிசோனாவுல லீ சில்வர்மேன்னு ஒரு அம்மாவுக்கு இதே நோய். அவங்க பேசறது காதுல விழுந்தாப் போதும்னு வீட்டுல தவிச்சிருக்காங்க. லொரெய்ன் ராமிக்ங்கற பேச்சுப் பயிற்சி நிபுணர் 1987ல இந்த முறையைக் கொண்டு வந்து, அந்த அம்மா பேரையே அதுக்கு வச்சாங்க. வாரத்துக்கு நாலு நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், நாலு வாரம். விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: சத்தமா பேசு. மூச்சு முட்டற வரைக்கும் "ஆ"ன்னு இழுக்கணும். தினம் வாயில வர்ற பத்து வாக்கியத்தைச் சத்தமா சொல்லணும்.

அந்தப் பொண்ணு சென்னையில இருந்து வீடியோ கால்ல வரும். முதல் நாள் "ஆ"ன்னு இழுக்கவே இவருக்கு வெக்கம். "அண்ணாமலையானுக்கு அரோகரா சொல்லுங்க, கடைசி எழுத்தை விடாதீங்க"ன்னேன். வெக்கம் போயிடுச்சு. பத்து வாக்கியத்துல "காபி கொண்டா", "பேப்பர் எங்க" எல்லாம் போக, கடைசியா அவரே ஒண்ணு சேர்த்தார்: "போளூர், கண்ணமங்கலம், வேலூர்ர்ர்!" மூணாவது வாரம் தெருவுல போன ஒரு பாட்டி நின்னு, "பஸ்ஸு எங்கம்மா நிக்குது?"ன்னு கேட்டுச்சு. நான் பொய் சொன்னா என் நாக்கு அழுகிடும்.

ஒரே ஆதங்கம்டி. முதல்ல பார்த்த டாக்டர் ரெண்டு வருஷம் மாத்திரை மட்டும்தான் எழுதினார். பயிற்சியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. மாத்திரை வேண்டாம்னு சொல்லலை, லெவோடோபா இல்லேன்னா இவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அது வேலை செய்யற நேரமாப் பார்த்துத்தான் பயிற்சியும் செய்யறோம். பயிற்சி நோயை விரட்டாது, ஆனா நடையையும் பேச்சையும் கையில பிடிச்சு வைக்குது. நாத்தனார் பூனைக்காலி விதைச் சூரணமும் கொண்டு வந்திருந்தாங்க. அதுலயும் இருக்கறது அதே லெவோடோபாதான். டாக்டரைக் கேக்காம ரெண்டையும் சேர்த்தா அளவு தப்பிடும்னு மேல் பரண்ல வச்சுட்டேன். நீ வாயைத் திறக்காதே.

இப்ப உன் அண்ணன் விஷயம். கையெழுத்து எறும்பாட்டம் சிறுத்து செக் திரும்பி வந்துச்சு, மீன்குழம்பு வாசனை தெரியலைங்கறார், முகம் எப்பவும் உம்முனு இருக்கு, அண்ணி மேல கோபம் போலன்னு எழுதியிருக்கே. எனக்கு அது கோபமாத் தெரியலை. லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன்னு ஒரு டாக்டர் 1817ல இந்த நோயைப் பத்தி முதல்ல விவரமா எழுதினப்ப, ஆறே பேரை வச்சுத்தான் எழுதினார். அதுல சிலர் அவர் தெருவுல பார்த்தவங்க. நம்ம திண்ணைக் கிழவிங்களுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோயேன். நானும் திண்ணைக் கிழவிதான், தப்பாவும் இருக்கலாம். இருந்தாலும் வயசாச்சுன்னு விடாதே. நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அதுதான்னு சொன்னாங்கன்னா, மாத்திரைச் சீட்டு கைக்கு வந்த அன்னைக்கே "பிசியோ எங்க, ஸ்பீச் தெரபி எங்க?"ன்னு கேளு. நாங்க ரெண்டு வருஷம் தொலைச்ச மாதிரி நீங்க தொலைக்காதீங்க.

நேத்துக் காலையில பனியோட அக்னி லிங்கத்துல இருந்து ரமணாசிரமம் வரைக்கும் நடந்தோம். பதினாலு கிலோமீட்டர்ல இது ஒரு துணுக்குதான், ஆனா போன வருஷம் இதுவும் இல்லை. வழியில ஒரே ஒரு இடத்துல கால் ஒட்டிக்கிச்சு, டீக்கடை வாசல்ல. அது நோய் இல்லை.

அண்ணனைக் காட்டிட்டு வந்து மறக்காம எழுது.

உன்
காது நல்லா கேக்கற சிநேகிதி