"ஃபார்மட் போட்டுரலாமாண்ணே?"

எங்க ஊர்ப்பக்கம் லேப்டாப் எந்த மாதிரி மக்கர் பண்ணினாலும் வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். ஆன் ஆக நேரமாகுதா? ஃபார்மட். நெட் வரலையா? ஃபார்மட். ஓடிக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சு போகுதா? ஃபார்மட். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாலும் சரி, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாலும் சரி, கடைக்காரத் தம்பி பொட்டியைத் திறந்து பார்த்துட்டு கேக்குற முதல் கேள்வி இந்தப் பதிவோட தலைப்புதான்.

இந்தப் பதிவு ஃபார்மட்டுக்கு எதிர்க்கட்சி. அதிலும் குறிப்பா லினக்ஸ் ஓடுற பொட்டிகளைப் பத்தி. டெக்னிக்கல் பதிவுன்னு பயந்து ஓடிராதீங்க மக்களே, கடைசியில திருப்பாவை எல்லாம் வருது :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. எங்க ஊர்ல இத்தனை பேர் வீட்டுக்கு லேப்டாப் எப்படி வந்துச்சுன்னா, அரசாங்கம் குடுத்தது. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பசங்களுக்குன்னு மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல குடுத்திருக்காங்க. நான் பிளஸ் டூ படிச்சப்போ எனக்கும் ஒண்ணு கிடைச்சது. அரசு முத்திரையில இருக்குற கோபுரம் ஆண்டாள் கோயில் கோபுரம்னு எங்க பக்கம் எல்லாருக்கும் பெருமை. அது எங்க மீனாட்சி கோயில் மேலக் கோபுரம்னு மதுரைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல.

விஷயம் என்னன்னா, அந்த லேப்டாப்கள்ல பலதுல ரெண்டு ஓஎஸ் இருந்துச்சு. ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். 2007ல சி-டாக் வெளியிட்டது. டெபியன் மேல கட்டினது, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காகவே செஞ்சது. ஆரம்பத்துல வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்ல வால்பேப்பர் கூட மாத்த முடியாது. பசங்க சும்மா இருப்பாங்களா? நேரா கடை. 'அல்டிமேட் போட்டுக் குடுங்கண்ணே.' கடையில மொத்த டிஸ்கையும் துடைச்சு ஏத்திக் குடுத்துருவாங்க. அதோட பாஸும் போச்சு. எங்க தெருவுல அதைத் திறந்து பார்த்தவங்களை ஒரு கை விரல்ல எண்ணிரலாம்.

லினக்ஸ் கஷ்டம், அதான் யாரும் பயன்படுத்தலன்னு இதுக்குக் காரணம் சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. மக்கர் பண்ணினா யாரைக் கேக்குறதுன்னு தெரியாததுதான் காரணம். தமிழ்ல எழுதினவங்க இருந்தாங்க. 'கணியம்' மின்னிதழ் 2012 ஜனவரியிலேயே ஆரம்பிச்சாச்சு, கட்டற்ற மென்பொருள் பத்தி முழுக்க முழுக்கத் தமிழ்ல. ஆனா லேப்டாப் பையோட அப்படி நாலு பக்கம் யாரும் வெச்சுக் குடுக்கல.

கடைக்காரங்களையும் நான் குத்தம் சொல்லல. என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். கண்டுபிடிச்சு, 'ஒண்ணுமில்லண்ணே, தூசி'ன்னு சொன்னா யார் காசு குடுப்பா? நம்ம ஆளுங்க செஞ்சதுக்குத்தான் காசு குடுப்பாங்க, பார்த்ததுக்குக் குடுக்க மாட்டாங்க. ஃபார்மட் போட்டா ஒரு வேலை நடந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். அதனால ஃபார்மட்.

ஆனா லினக்ஸ் பொட்டியில ஃபார்மட் போடுறது, போலீஸ் வர்றதுக்கு முன்னாடி திருட்டு நடந்த வீட்டைக் கழுவி விடுற மாதிரி. ஏன்னா தனக்கு என்ன ஆச்சுன்னு அந்தப் பொட்டியே எழுதி வெச்சிருக்கும். கர்னல் லாக்னு ஒண்ணு இருக்கு. டிஸ்க் முனகினது, சூடு ஏறினது, வைஃபைக்கு ஃபர்ம்வேர் கிடைக்காதது, எல்லாம் நேரத்தோட அதுல இருக்கும்.

அதுக்கும் முன்னாடி ஒரு சோதனை. லைவ் யூஎஸ்பி. ஒரு பென்டிரைவ்ல லினக்ஸை ஏத்தி, டிஸ்கைத் தொடாம அதுலருந்தே பூட் பண்றது. அப்பவும் அதே கோளாறு வந்தா, உள்ள இருக்குற ஓஎஸ் மேல சந்தேகம் குறையுது, பொட்டியைத்தான் பார்க்கணும். வரலைன்னா ஓஎஸ்ஸையோ டிஸ்கையோ நோண்டணும். பத்து நிமிஷ வேலை. இதுவரைக்கும் நான் பார்த்ததுல சிலது:

பஞ்சு

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி தெரியும்ல? பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அங்க ஒரு வீடு. கீழே தறி, மேல குடியிருப்பு. லேப்டாப் இருபது நிமிஷத்துல பட்டுனு அணையுது. ரெண்டு தடவை ஃபார்மட் ஆயிருச்சு. லைவ் யூஎஸ்பியில போட்டேன், அப்பவும் அணைஞ்சது. அப்போ ஓஎஸ் நிரபராதி. லாக்ல பார்த்தா பிராசஸர் சூடு வரம்பு தாண்டிருச்சு, வேகத்தைக் குறைக்கிறேன்னு வரிசையா புலம்பி வெச்சிருக்கு. பின்பக்கத்தைக் கழட்டினா, ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல கம்பளி மாதிரி ஒரு படலம். பூரா பஞ்சு! பிரஷ்ஷால எடுத்து, தெர்மல் பேஸ்ட் புதுசா வெச்சு மூடினதும் தொண்ணூறைத் தாண்டி நின்ன சூடு அறுபதுக்கு வந்துச்சு. (காத்து ஊதிச் சுத்தம் பண்றதா இருந்தா ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கோங்க.) மில்லும் தறியும் உள்ள ஊர்ல வருஷம் ஒரு தடவை இதைச் செஞ்சே ஆகணும்.

கரண்ட் கட்

பேட்டரி செத்துப்போய் நேரா சார்ஜர்ல ஓடுற லேப்டாப் எங்க ஊர்ல எக்கச்சக்கம். கரண்ட் போனா பொட்டியும் போயிரும். மறுபடி ஆன் பண்ணினா கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, 'இனிட்ராம்எஃப்எஸ்'னு ஒரு வார்த்தை. வீட்ல வைரஸ்னு நினைச்சுருவாங்க. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனதால ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கு, அவ்வளவுதான். எந்தப் பார்ட்டிஷன்னு அதுக்கு மேல் வரியிலேயே பேர் இருக்கும். 'எஃப்எஸ்சிகே' கட்டளையை அந்தப் பேரோட சேர்த்து அடிச்சா பெரும்பாலும் தானே சரிபண்ணிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, டிஸ்க்கே சாகக் கிடந்தா இதைச் செய்யக்கூடாது. அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

வைஃபை

மூணு கேள்வி. கார்டு பொட்டியின் கண்ணுக்குத் தெரியுதா? 'எல்எஸ்பிசிஐ' சொல்லும். ஃபர்ம்வேர் ஏறிச்சா? கர்னல் லாக் சொல்லும். எதுவும் தடுத்து வெச்சிருக்கா? 'ஆர்எஃப்கில்' சொல்லும். ஒரு காலத்துல ரெண்டாவது கேள்விதான் பெரிய தலைவலி. நெட் வர ஃபர்ம்வேர் வேணும், ஃபர்ம்வேர் எடுக்க நெட் வேணும்! 2023 ஜூன்ல வந்த டெபியன் 12லருந்து அந்த ஃபர்ம்வேர்களையும் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர்லயே சேர்த்துட்டாங்க. மூணாவதுக்கு ஒரு கதை. ரெண்டு மாசமா வைஃபை வராத ஒரு பழைய பொட்டி. 'ஆர்எஃப்கில்' அடிச்சா ஹார்டுவேர் தடை போட்டிருக்குன்னு காட்டுது. தடவிப் பார்த்தா முன்பக்க ஓரத்துல சின்னதா ஒரு சுவிட்ச். நகத்தால தள்ளினேன். முடிஞ்சது.

திருப்பாவை

ஸ்ரீவில்லிபுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, டீச்சர். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட ஆதரவு நின்னப்போ அவங்களோட விலையில்லா லேப்டாப்ல லினக்ஸ் போட்டுக் குடுத்திருந்தேன். போன வருஷம் போன் பண்ணாங்க. "தம்பி, ஃபோல்டரைத் திறந்தா அப்படியே நிக்குது. கடையில ஃபார்மட் போட்டா சரியாயிரும்கிறாங்க. போட்டுரவா?"

உள்ள என்னக்கா இருக்குன்னு கேட்டேன். வினாத்தாள் எல்லாம் பிரிண்ட் இருக்காம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்பா பாடினது இருக்குப்பா"ன்னாங்க. அவங்க அப்பா மார்கழி பூரா விடியக்காலையில திருப்பாவை பாடுவார். ஒரு வருஷம் தினம் ஒண்ணா முப்பதையும் லேப்டாப் மைக்லயே பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. அவர் 2021ல தவறிட்டார். வேற எங்கயும் காப்பி இல்ல.

அணைச்சு வைங்க, ஆன் பண்ணவே பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன்.

லைவ் யூஎஸ்பியில பூட் பண்ணி லாக் பார்த்தா, டிஸ்க்ல ஒரே பகுதியில திரும்பத் திரும்பப் படிக்க முடியலைன்னு பிழை. டிஸ்க் தன் உடம்பைப் பத்தித் தானே வெச்சிருக்கும் 'ஸ்மார்ட்' அறிக்கையில, படிக்க முடியாம நிக்கிற செக்டர்கள் நூத்துக்கு மேல. அதாவது டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கு. இந்த நிலைமையில 'எஃப்எஸ்சிகே' அடிச்சா, அது மிச்சம் இருக்குறதையும் போட்டு அலைக்கழிக்கும், மாத்தி எழுதும். ஃபார்மட் போட்டு மேல புது ஓஎஸ் ஏத்தினா, அது ஏறின இடத்துல இருந்ததெல்லாம் போயே போச்சு.

செய்ய வேண்டியது ஒண்ணுதான். முதல்ல காப்பி. 'ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ'ன்னு ஒரு நிரல் இருக்கு, காசு கிடையாது. ஒழுங்கா படிக்க முடியுற இடத்தையெல்லாம் முதல்ல வேகமா இன்னொரு டிஸ்குக்கு எடுத்துக்கும். கெட்டுப்போன இடத்துக்கு அப்புறமா நிதானமா திரும்பி வரும். எதுவரைக்கும் எடுத்தோம்னு ஒரு வரைபடக் கோப்புல குறிச்சு வெச்சுக்கும். அந்தக் கோப்பையும் வெளி டிஸ்க்லயே வெச்சிருந்ததால, ராத்திரி ரெண்டு தடவை கரண்ட் போயும் விட்ட இடத்துலருந்து தொடர முடிஞ்சது.

காலையில எடுத்த காப்பியிலருந்து பாட்டை எல்லாம் பிரிச்சோம். முப்பதுல இருபத்தெட்டு முழுசா வந்துச்சு. ஒண்ணு நடுவுல கரகரன்னு. ஒண்ணு வரவே இல்ல. கரகரப்பா இருக்குறதைத் தனியா எடுத்து வைக்கவான்னு கேட்டேன். "அதையும் வரிசையிலேயே வெச்சிரு தம்பி, அப்பா இருமுற மாதிரிதான் இருக்கு"ன்னாங்க. மூணு பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்துட்டு, புது எஸ்எஸ்டி மாட்டிவிட்டு, கையில ஒரு கிலோ பால்கோவாவோட திரும்பி வந்தேன்.

இப்போ ஏன் இதெல்லாம்னா, 2025 மார்ச் பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் கணினி தர்றதா அறிவிச்சாங்க. அதே வருஷம் அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிஞ்சது. பழைய பொட்டிகளுக்கு இனி லினக்ஸ்தான் வாழ்வு. உங்க தெருவுல நாலு பேருக்கு ஒரு லைவ் யூஎஸ்பி போட்டுக் குடுங்க. கடைக்குப் போறவங்ககிட்ட, "ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க, பார்த்ததுக்குத் தனியா காசு தர்றேன்"னு சொல்லச் சொல்லுங்க.

உங்க ஊர்ப் பொட்டிகளுக்குள்ள என்ன இருந்துச்சு? எங்க ஊர்ல பஞ்சு. கடலோர ஊர்க்காரங்க துருன்னு சொல்வீங்கன்னு நினைக்கிறேன். எழுதுங்க.