கொட்டியாரக் குடாவின் கரையில் ஒரு சிற்றூர்

திருகோணமலைத் துறைமுகத்தின் எழிலை வியந்து பேசாத பிரயாணிகள் அரியர். ஆயின், அதன் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூர் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு என்பதை அவருள் அறிந்தோர் எத்துணைப் பேர்?

சென்ற விடுமுறையில் அவ்வூரைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. முன்னாளில் மூதூர் செல்வோர் 'லாஞ்சி' ஏறிக் குடாவைக் கடப்பர். அன்றேல், 'பாதை'க்காகத் துறைகளிற் காத்து நின்று தரைவழியே செல்வர். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழி எளிதாயிற்று. மகாவலி கங்கை கடலொடு கலக்கும் தாழ்நிலத்தைக் கடந்து, மூதூரை அடைந்து, கிழக்கே திரும்பினால் சம்பூர்.

மாரி மழையை நம்பிய வயல்கள், மேய்ச்சல் தரைகள், மீன்பிடி கரைகள், ஊர் நடுவே மக்கள் போற்றும் பத்திரகாளி அம்பாள் கோயில் — இவையே இவ்வூரின் செல்வம். வருவோர் கண்களோ என்றும் இதன் கடலையே நாடின. குடாவின் அடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்று கிடத்தலின், பெருங்கலங்கள் கரையை அணுகல் எளிது.

1659-இல், புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று அதனைச் செப்பனிட இக்குடாவிற்கு வந்தது. மறு ஆண்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் சிறைகொண்டனர். தந்தை சிறையிலேயே மாண்டார். மகனோ ஏறக்குறைய இருபதாண்டின் பின் தப்பி, 1681-இல் இலங்கையைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அச்சிறையை உலகம் அறியும்.

சம்பூரார் பட்ட துயரை அறிந்தோர் சிலரே. 2006 ஏப்ரலில் குண்டுமாரிக்கு அஞ்சி அவர்கள் ஊரை விட்டோடினர். செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. 2007-இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர், இந்தியத் துணையுடன் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்கவும் திட்டமிடப்பட்டது. ஊரவரோ கிளிவெட்டி முதலிய இடங்களில் கொட்டில்களில் வாழ்ந்தனர். 2015-இல்தான் அவர்கள் நிலம் மீளக் கிடைக்கத் தொடங்கிற்று. மறு ஆண்டு நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது.

முதிய உழவர் ஒருவர் எம்மைத் தம் வளவிற்கு அழைத்துச் சென்றார். "திரும்பி வந்தபோது வேலியுமில்லை, வீடுமில்லை, ஐயா. பற்றைக்குள் இந்தக் கிணற்றுக் கட்டைக் கண்டுதான் எங்கள் வளவென்று அறிந்தோம்" என்றார். அகதிமுகாமில் எழுத்தறிந்த அவர் பேரன் அருகில் நின்றான். தன் ஊரை அவன் பாட்டனார் சொல்லக் கேட்டே கற்றவன்.

2025 ஏப்ரலில், இதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்தின் பணிகள் தொடக்கி வைக்கப்பட்டன. மின்சாரம் நாட்டிற்கு வேண்டுவதே. புகையற்ற மின்சாரமாயின் மிக நன்று. ஆயினும், திட்டம் வகுப்போர் வரைபடத்தை விரிக்குமுன், அக்கிணற்றடியில் ஒருகணம் நிற்பாராயின், வெறுநிலமெனத் தோன்றுவது வெறுநிலமன்று என்பதை உணர்வர்.

நாங்கள் விடைபெறும்போது அம்முதியவர் கிணற்றில் நீர் இறைத்துத் தந்தார். அந்நீரின் இனிமை இன்னும் எம் நாவிலுளது.