மறைத்து வைத்த மாத்திரை



கிருமாம்பாக்கத்தில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை, பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

அத்தா மவுத்தாகி, இத்தா காலம் முடிந்த பின்னும் உம்மா உறக்கமும் உணவுமின்றி மெலிந்துகொண்டே போனார்கள். தஸ்பீஹைக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்திருப்பார்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் எஸ்சிட்டலோபிராம் எழுதித் தந்தார். சில வாரங்களில் உம்மாவின் முகம் தெளிந்தது. ஆனால், "ஈமான் உள்ளவர்களுக்கு மனநோய் மாத்திரையா?" என்று உறவினர் கேட்பார்களே என அஞ்சி, அந்த அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

பின்னர் மூட்டுவலிக்கு வேறொரு மருத்துவரை நாடினோம். "வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்டார். அங்கே தெரிந்தவர்கள் அமர்ந்திருந்தனர். "சர்க்கரை மாத்திரை மட்டும்" என்றோம். அவர் டிரமடால் தந்தார். இருமலுக்கு மருந்துக்கடையில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த சிரப்பையும் நாங்களே வாங்கினோம்.

மறுநாள் இஷாவுக்குப் பின் உம்மாவின் கைகள் நடுங்கின. உடல் வியர்த்துக் கொட்டியது, கால்கள் துள்ளின, வயிற்றுப்போக்கும் சேர்ந்தது. கண்ணேறு என்று எண்ணி ஓதி ஊதினோம். நடுக்கம் கூடவே மருத்துவமனைக்கு விரைந்தோம். அவசரப் பிரிவு மருத்துவர் எல்லா மருந்துகளையும் கேட்டார். ஒளித்து வைத்த அட்டையை இறுதியாகத்தான் எடுத்துக் கொடுத்தோம். அவர் மருந்துகளை நிறுத்திக் கண்காணித்தார். இரண்டாம் நாள் உம்மா தெளிந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

மூளையில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் மருந்துகள் ஒன்றுசேர்ந்தால் அது அளவு மீறும்; இதனைச் செரட்டோனின் நோய்க்குறி என்பர். கடுமையானால் உயிருக்கே ஆபத்து. ஒரு மனச்சோர்வு மருந்துடன் மற்றொன்று சேரும்போது மட்டுமன்று, மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட் போன்றவற்றுடன் சேரும்போதும் இது நேரலாம். சில மருந்துகள் நிறுத்திய பின்னும் உடலில் தங்கும். ஃபுளுவாக்சிடினை நிறுத்திய பின் ஐந்து வாரம் கழித்தே எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மருந்தைத் தொடங்குவர். மருத்துவர் அறிந்தே இரு மருந்துகளைச் சேர்த்துத் தருவதும் உண்டு. ஆனால் அவர் அறியாமல் சேர்வதே எங்களை அந்த இரவுக்குக் கொண்டு சென்றது.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அம்மருந்தை மருத்துவரிடமே மறைப்பது பொறுமையும் ஆகாது, தவக்குலும் ஆகாது. உம்மாவின் உடல் எங்களிடம் அல்லாஹ் தந்த அமானிதம். உறவினரின் பேச்சுக்கு அஞ்சி அதில் தவறினோம்.

இப்போது உம்மாவின் மருந்துகள் அனைத்தும், இருமல் சிரப் உட்பட, ஒரே தாளில் எழுதப்பட்டுள்ளன. எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் நீட்டுகிறோம். மனச்சோர்வு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. ரமளானில் நேரத்தை மாற்ற வேண்டுமெனில் மருத்துவரிடமே கேட்க வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஓர் அட்டை ஒளிந்திருந்தால், இன்றே வெளியே எடுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.