மூன்று மணிக்கு வீடு திரும்பும் வேலை



எங்கள் மகள் முனைவர் பட்டம் பெற்று, நெட் தேர்விலும் தேறி, ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபோது, அல்ஹம்துலில்லாஹ், இனி அவளைப் பற்றிய கவலை இல்லை என்றே நாங்கள் எண்ணினோம். பெண் பார்க்க வந்தவர்களும் மகிழ்ந்தார்கள். "காலேஜ் வேலையா? நல்லது. மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார் மாப்பிள்ளையின் தாயார். நாங்களும் தலையசைத்தோம். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியப் பணியை விரும்புவதன் காரணம் பெரும்பாலும் இதுதான் என்பதை ஒளிப்பானேன்?

அவள் மூன்று மணிக்கு வீடு திரும்பியதேயில்லை. யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரத்திற்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வரையறுக்கின்றன. அவளுக்குக் கிடைத்த கால அட்டவணையில் 22 மணி நேரம் இருந்தது. மூன்று பாடங்களுள் ஒன்று, அவள் முதுகலைக்குப் பின் தொட்டே பாராதது. அதற்கு மேல் ஆய்வகம், வகுப்பு ஆசிரியர் பொறுப்பு, நாக் குழுவின் வருகைக்கான கோப்புகள், கோடை விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலை. இவற்றுள் எதையும் முனைவர் பட்ட ஆய்வு அவளுக்குக் கற்றுத் தரவில்லை. ஐந்தாண்டுகள் ஆய்வகத்தில் தனியே நின்றவளை ஒரே நாளில் அறுபது பேர் முன்னால் நிறுத்தி, "பாடம் நடத்து" என்றார்கள்.

இரவு ஒரு மணி வரை அவள் அறையில் விளக்கு எரியும். ஒரு மணி நேர வகுப்புக்கு ஐந்து மணி நேரம் குறிப்பெடுப்பாள். மதியச் சாப்பாடு டிபன் பாக்ஸில் அப்படியே திரும்பி வரும். நாங்கள் அதைக் கண்டோம்; ஆனால் பிழையாகப் புரிந்துகொண்டோம். "புது வேலை, போகப் போகப் பழகிவிடும்" என்றோம். அவளுடைய அத்தாவோ மாலைதோறும் மறவாமல் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார்: "நிரந்தரம் பண்ணுறதைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா, காலேஜ் ஸ்டாப்ல என்னால இறங்க முடியல. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருக்கேன்." வேறெதுவும் சொல்லவில்லை, அழவும் இல்லை. நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்துச் சென்றபோது, மடியில் பையை வைத்து இரு கைகளாலும் இறுகப் பற்றியபடி அமர்ந்திருந்தாள். அந்தப் பைக்குள் அன்றைய வகுப்புக்கென எழுதிய பதினெட்டுப் பக்கக் குறிப்பு இருந்தது.

வேலையை விட்டுவிடு என்று சொல்வது எங்களுக்கு எளிதாக இருந்தது. அன்று மாலை அதைத்தான் சொன்னோம். "எனக்குப் பாடம் நடத்தப் பிடிச்சிருக்கு, அத்தா. தனியா நடத்தத்தான் பயமா இருக்கு" என்றாள். இந்த வேறுபாட்டை நாங்களாக ஒருநாளும் கண்டிருக்க மாட்டோம்.

கைகொடுத்தவர், ஓய்வுபெற இரண்டாண்டுகளே இருந்த தாவரவியல் பேராசிரியை ஒருவர். வேறு துறைக்காரர், அதனால் துறைத் தலைவரின் காதுக்குப் போகுமோ என்ற அச்சமின்றி அவரிடம் பேச முடிந்தது. அவர் அறிவுரை கூறவில்லை. "நாளைக்கு என் வகுப்புல வந்து கடைசி பெஞ்சுல உக்காரும்மா" என்றார். அந்த வகுப்பில் அவர் சொன்னவை மூன்றே செய்திகள். மீதி நேரமெல்லாம் மாணவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு நூலையும் காட்டியிருக்கிறார். இராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் புதிய கல்லூரி ஆசிரியர்களைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் எழுதியது. புதியவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறித் தயாரிக்கிறார்கள், தனித்தே உழல்கிறார்கள், விரைவில் காலூன்றுபவர்களோ குறைவாகத் தயாரித்துச் சக ஆசிரியர்களை நாடிச் செல்கிறார்கள் என்பது அதில் அவர் கண்டது. தன் நோய்க்கு எவரோ முன்பே பெயர் வைத்திருக்கிறார் என்பதே எங்கள் மகளுக்குப் பாதி மருந்தாயிற்று.

புதிய ஆசிரியர்களுக்கென 'குரு தக்ஷ்தா' என்ற ஒரு மாத அறிமுகப் பயிற்சியை யுஜிசி வகுத்துள்ளது. அதற்கு அனுப்புமாறு கேட்டபோது, அவளுடைய வகுப்புகளை எடுக்க ஆள் இல்லை என்று கல்லூரியில் கைவிரித்துவிட்டார்கள்.

வீட்டில் நாங்கள் செய்தது சொற்பம். அத்தா தம் கேள்வியை நிறுத்திக்கொண்டார். அது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. திருமணப் பேச்சை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தோம். மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம், மறுநாள் பாடத்தை எங்களுக்கு நடத்திக் காட்டச் சொன்னோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவளுடைய அம்மாதான் அதில் நல்ல மாணவி. தரம் பார்த்தலில் ஒரே சொட்டில் நிறம் மாறுவதை அவள் விளக்கியபோது, "தால்சா கறை பட்ட வெள்ளைத் துணியில சோப்பு போட்டா செவக்குதே, அது மாதிரியா?" என்று கேட்டார். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சளும் ஒரு நிறங்காட்டிதானாம். காரம் பட்டால் சிவக்குமாம். மறுநாள் அந்தக் கேள்வியோடுதான் வகுப்பைத் தொடங்கினாளாம். பின் வரிசைப் பையன்கள் முதன்முறையாகக் கை உயர்த்தினார்களாம்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. வாணியம்பாடியில் 1919-இலும், திருச்சியிலும் சென்னையிலும் 1951-இலும் நம் முன்னோர் கல்லூரிகளை எழுப்பினார்கள். இன்றும் நம் ஜமாஅத்துகள் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. தேர்வு நேரத்தில் பள்ளிவாசல்களில் துஆ செய்கிறோம். படித்து முடித்துக் கரும்பலகையின் மறுபக்கம் போய் நிற்கும் பிள்ளையை, நன்றாக இருக்கிறாயா என்று நாம் கேட்பதில்லை. அவர்தாம் கரை சேர்ந்துவிட்டாரே என்று இருந்துவிடுகிறோம். எங்கள் தெருவிலேயே அப்படி நால்வர் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கால அட்டவணை இன்றும் 20 மணி நேரம்தான், ஊதியமும் உயரவில்லை. அந்தப் பேராசிரியை மே மாதம் ஓய்வுபெற்றார். ஜூனில் இவள் துறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், தேனிப் பக்கத்துக்காரி, விடுதியில் தங்கியிருக்கிறாள். தன் பழைய குறிப்பேடுகள் மூன்றை அட்டை போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறாள் எங்கள் மகள். ஞாயிறன்று சாப்பிட அழைத்து வரலாமா என்று நேற்றிரவு கேட்டாள்.