ஈயம் பூசுகிறவரைத் தேடி

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடைக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. ரயிலடியில் இறங்கி, மகாமகக் குளத்தைத் தாண்டி, கும்பேசுவரர் கோயில் பக்கம் நடந்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். குத்துவிளக்கு, அன்னக்கூடை, உருளி, டபரா செட் என்று வாசல்வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குள் போகிற நீண்ட மண்டபத்தில்கூட இரண்டு பக்கமும் கடைதான். நான் போனது பாத்திரம் வாங்க அல்ல. பையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தூக்கு ஒன்று இருந்தது. உள்ளே ஈயம் தேய்ந்து, அடியில் மஞ்சள் தெரிய ஆரம்பித்திருந்தது. அதற்கு ஈயம் பூச வேண்டும்.

"பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்..." என்று தெருவில் குரல் கேட்டு எத்தனை வருஷமாகிறது! தோளில் துருத்தி, சாக்கில் கரி. ஏதாவதொரு மரத்தடியில் குழி தோண்டி உட்கார்ந்துவிட்டார் என்றால் தெருவிலுள்ள தவலையும் அடுக்கும் போகணியும் அங்கே வந்து சேர்ந்துவிடும். பெரிய அண்டாவாக இருந்தால் ஆளே உள்ளே இறங்குவார். காலடியில் சாக்குத் துண்டும் மணலும் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேய்ப்பார். பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கும். எவர்சில்வரும் குக்கரும் அடுப்படியைப் பிடித்ததும் பித்தளை பரணுக்குப் போனது. குரலும் நின்றது.

முதலில் நுழைந்தது ஏசி போட்ட கடை. "பித்தளைக்கு இப்ப திரும்பவும் மவுசு சார். வெளிநாட்டுக்கெல்லாம் பார்சல் போகுது" என்றார் கடைப்பையன். சமையலுக்கான பாத்திரங்கள் உள்ளே ஈயம் பூசியே விற்பனைக்கு வருகின்றன. இரண்டு லிட்டர் பிடிக்கிற தவலை ஒன்றில் 2,350 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஈயம் போய்விட்டால் எங்கே பூசுவது என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் இப்ப ஆளே கிடையாது சார்." அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடைக்காரர் மட்டும், "குடுத்துட்டுப் போங்க, பூசி வாங்கித் தர்றோம். பத்து நாளாகும், 600 ரூபா" என்றார். எங்கே அனுப்புவீர்கள் என்றதற்குச் சிரித்தார். அனுப்புகிறார்கள் என்றால் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

அந்தக் கடையிலேயே ஈயச்சொம்பும் இருந்தது. ரசம் வைக்கிற சொம்பு, முழுக்க வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிறவரை சூடு நூறைத் தாண்டாது; வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் போச்சு. பாதி சொம்பாக உருகி வழிந்த கதை பல வீடுகளில் உண்டு. "சுத்தமான ஈயம் சார், காரீயம் கலக்கலை" என்றார். காரீயம் நஞ்சு. காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் கோடு விழும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் சொம்பின் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன். விழவில்லை. வெளி அடுக்கில் தூசியோடு கிடந்த விலை குறைந்த இன்னொரு சொம்பைத் தேய்த்தேன், விழுந்தது. கடைக்காரர் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இது ஒன்றும் ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. ஆனாலும் ரசம் வைக்கிற பாத்திரமாயிற்றே, எனக்கு அந்தக் கோடு போதும்.

வெளியே வந்து எதிர்த்த டீக்கடையில் நின்றேன். டீ 15 ரூபாய். அரை மணி நேரத்தில் கடையின் பக்கவாட்டுச் சந்திலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸெல் புறப்பட்டது. முன்னால் சாக்கு மூட்டை, அதன் வாயில் ஒரு பித்தளைக் கைப்பிடி. வண்டி போன திசையில் நடந்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டதும், "பாய் பட்டறையா? நேராப் போயி, சைக்கிள் கடை தாண்டி இடக்கைப் பக்கம் சந்து" என்றார். ஆளே இல்லை என்று இரண்டு கடைகள் அடித்துச் சொன்ன இடத்திலிருந்து அது ஐந்நூறு மீட்டர் இருந்தால் அதிகம். சந்து முனையிலேயே மூக்கு சொல்லிவிட்டது. நவச்சாரத்தின் நெடி, உள்நாக்குவரை எரிந்தது.

தகரக் கூரை, பத்துக்குப் பத்து இடம். தரையில் அடுப்புக்குழி. தோல் துருத்தி இல்லை. சின்ன மோட்டார் ஒன்று குழாய் வழியாகக் கரிக்குக் காற்று ஊதுகிறது. அறுபதைத் தாண்டிய பாய், நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க தம்பி. புகை அந்தப் பக்கம் அடிக்குது, இந்தப் பக்கம் வாங்க" என்றார். சுவரோரமாக முப்பதுக்கும் மேலே பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு. ஒரு தவலையின் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, கீழே 12-9-1957 என்று தேதி. கல்யாணச் சீராக இருக்கும். இப்போது பெயர் வெட்டுவதும் மின்சாரப் பேனாதான். அந்தப் புள்ளி எழுத்தைப் புதுப் பாத்திரத்தில் காண முடியாது.

என் தூக்கை வாங்கி, விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "இதுல புளி ஊத்திருக்கீங்க" என்றார். சோடாக் காரமும் மணலும் போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, இடுக்கியில் பிடித்துக் கரிமேல் காட்டினார். பித்தளை நிறம் மங்கியதும் நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழுந்தது. அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் குச்சியின் நுனியை உள்பக்கத்தில் தொட்டார். ஒரு சொட்டு உருகி ஓடியது. பஞ்சை வைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல ஒரு இழுப்பு. பஞ்சு போன இடமெல்லாம் வெள்ளி. தூக்கைத் திருப்பித் திருப்பி அடி, பக்கம், கழுத்து என்று தடவிவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு. தேய்ப்பு முடிந்தபின் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். "வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. மஞ்சப் பொட்டு தெரிஞ்சா காசு வேணாம்." காட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

குச்சி சுத்தமா என்று கேட்டேன். பதில் பேசாமல், மெல்லிய குச்சி ஒன்றை என் காதருகே கொண்டுவந்து வளைத்தார். கறுக் கறுக்கென்று உள்ளுக்குள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது அப்படித்தான் கத்தும், காரீயம் ஊமை. இந்தியாவில் வெள்ளீயத் தாது வெட்டி எடுப்பது சத்தீஸ்கரில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான்; மற்றதெல்லாம் இறக்குமதி. அதனால் விலை நிலையாக நிற்பதில்லை. கூலியும் அதற்கேற்ப ஏறுகிறது. என் தூக்குக்கு 250 ரூபாய் வாங்கினார். பத்து நாள், 600 ரூபாய் என்று சொன்னது இதற்குத்தான்.

"தெருவுக்கு ஏன் பாய் போறதில்லை? வேலை இல்லையா?"

"வேலைக்கென்ன குறைச்சல், அங்க பாருங்க" என்று சுவரோரத்தைக் காட்டினார். "எல்லாத் தெருவும் சிமெண்டு. குழி எங்க தோண்டறது? ஃபிளாட்டுன்னா வாட்ச்மேன் விடமாட்டான். விட்டாலும் பகல்ல வீட்ல ஆளில்ல. புகை வந்தா மாடியிலேர்ந்து சத்தம் போடறாங்க."

வேலை இல்லாமல் போனதால் இந்தத் தொழில் அழிந்தது என்று நானும் படித்திருக்கிறேன். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம். இன்றைக்கு நான் பார்த்தது, முடிக்க முடியாமல் குவிந்து கிடக்கிற வேலை. பழைய நாளை நினைத்து உருகுகிறவர்கள் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதோடு சேர்ந்து வரவேண்டிய மனிதர் உட்கார, தெருவில் ஒரு முழம் மண் தரையை யாரும் விட்டுவைக்கவில்லை. கடைக்காரருக்கும் அவர் சந்துக்குள்ளேயே இருப்பதுதான் லாபம்.

வீட்டில் பித்தளைப் பாத்திரத்தில் சமைக்கிறவர்கள் உள்பக்கத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அதில் புளிக்குழம்பு, ரசம், தயிர் எதுவும் வேண்டாம், களிம்பேறி வயிற்றைப் பிரட்டும். உங்கள் ஊரிலும் ஆள் இல்லை என்றுதான் கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள், கடையின் பக்கச் சந்தில் விசாரியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், புகை அடிக்காத பக்கம் நிறுத்துங்கள். கும்பகோணம் வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை பட்டறை கிடையாது.