பெயர் உள்ள கல்லும் பெயர் இல்லாத மண்ணும்

தாய்லாந்துக்குப் போவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் பெண்கள் சங்கத்தில் பனம்பண்டங்கள் செய்யும் மூவரை ஒரு வாரப் பயிற்சிக்காகப் பாங்கொக் நகருக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்த மறுநாள் ஓய்வு. அன்று வழிகாட்டியுடன் போகும் ஒருநாள் சுற்றுலாவில் எங்களையும் சேர்த்துவிட்டார்கள். சந்தை, கோயில், சாப்பாடு, சரித்திரம் எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம் என்றார்கள். விடியற்காலையிலேயே வெளிக்கிட்டோம்.

வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை எங்களோடு வந்த தங்கச்சி ஒருத்தி தமிழில் சொல்லுவாள். தாய் மொழியில் மூத்தவர்களைப் 'பீ' என்றும் இளையவர்களை 'நோங்' என்றும் கூப்பிடுவார்களாம். அதன் பிறகு நாங்கள் அவரைப் 'பீ' என்றே கூப்பிட்டோம். அக்கா என்று கூப்பிட்டது போலவே இருந்தது.

முதலில் டம்னோன் சடுவாக் என்ற மிதக்கும் சந்தை. 1860களில் நான்காம் ராமா மன்னர் காலத்தில் வெட்டிய வாய்க்கால் அது. ஓலைத் தொப்பி போட்ட பெண்கள் சிறிய வள்ளங்களில் இருந்தபடியே சமைத்து விற்கிறார்கள். இப்போது அங்கே வருபவர்களில் அதிகமானோர் எங்களைப் போன்ற சுற்றுலாப் பயணிகள்தான். ஒரு வயதான அம்மா குழிச் சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, மேலே வெங்காயத்தாள் தூவிச் சுட்டுக்கொண்டிருந்தா. 'கனொம் குரொக்' என்று பெயர். பார்த்தால் எங்கள் குழிப்பணியாரம். வாயில் வைத்தால் பாலப்பத்தின் ருசி. ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு வள்ளம். அவவின் முதலீடு அவ்வளவுதான். கேட்பவருக்குச் சுடச்சுடக் கொடுப்பதால் மீதியாகிப் பழுதாவது குறைவு. இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது நகோன் பத்தோம் நகரிலுள்ள பெரிய தூபி. சுமார் 120 மீற்றர் உயரம். செருப்பைக் கழற்றிவிட்டு, தாமரை மொட்டும் ஊதுபத்தியும் கையில் ஏந்திப் பெண்கள் கும்பிட்டார்கள். வாசலில் மல்லிகை மாலை விற்றார்கள். வாசம் எங்கள் ஊர்க் கோயிலை நினைவூட்டியது. இரண்டு மாலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிற்பகல் காஞ்சனபுரிக்குப் போனோம். இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட்ட இடம் இது. 1942இல் தொடங்கி 1943 ஒக்ரோபரில் முடித்தார்கள். பசியாலும், வாந்திபேதியாலும், அடியாலும் செத்தவர்கள் ஏராளம். அதனால் அதை மரண ரயில் பாதை என்கிறார்கள்.

அங்கே போரில் கைதிகளாகி இறந்த பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்துப் படையினரின் மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வெட்டிய புல், வரிசை வரிசையாகக் கற்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் இருந்தன. இருபத்திரண்டு, இருபத்தாறு என்று வாசித்துக்கொண்டு போனபோது எனக்குக் கால் நடக்கவில்லை. 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் நான் கடைசியாகக் கண்ட என் கணவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அவர் இருக்கிறாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் செத்தார்கள் என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். "எங்கட ஆக்கள் எங்கே?" என்று பீயிடம் கேட்கச் சொன்னேன். பீ சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கைதிகளை விட ஆசியத் தொழிலாளர்களே மிக அதிகமாக இறந்தார்கள். அவர்களின் பெயர்களை எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை."

பயணத் திட்டத்தில் இல்லாவிட்டாலும், மற்றவர்களிடம் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தாவோன் வராராம் என்ற கோயிலுக்குக் கூட்டிப்போனார். ரயில் பாதைத் தொழிலாளரின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த தூபி அங்கே இருக்கிறது. அங்கே இறந்த தமிழர்களுக்காக 2023 மே முதலாம் திகதி நடுகல் ஒன்றும் நாட்டியிருக்கிறார்கள். எண்பது வருடம் கழித்து! அந்தத் தோட்டங்களில் புருஷன் வருவான், மகன் வருவான் என்று வாசலைப் பார்த்திருந்த பெண்களில் எத்தனை பேர் இதைக் காண உயிரோடு இருந்திருப்பார்கள்?

ஒரு மாலையை அங்கே வைத்துக் கும்பிட்டேன். மற்ற மாலையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "அக்கா, அதையும் வையுங்கோவன்" என்றாள் தங்கச்சி. நான் மாட்டேன் என்றேன். என் கணவருக்குப் பூ வைக்க நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பீ என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

சகோதரிகளே, ஊருக்கு வந்ததும் நான் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, குழிச் சட்டி வாங்கினேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலடியில் பணியாரம் சுட்டு விற்கிறேன். மற்றது, ஒரு கொப்பி வாங்கினேன். எங்கள் ஒழுங்கையில் காணாமல் ஆக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், திகதி, கண்டவர் யார் என்று வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இதுவரை பதினான்கு பேர். சில தாய்மார் வயது போய்த் தளர்ந்துவிட்டார்கள், திகதி தடுமாறுகிறது. ஆகையால் பிந்தாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பியை எடுத்து இன்றைக்கே எழுதி வையுங்கள்.